ஆணியில் ஐந்து சாவிகள்

கோவில்பட்டியில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். கொஞ்சம் ஓய்வாக இருக்கலாம் என்று தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸ் வேலையை விட்டேன். ஒரே மாதத்தில், வேலைக்குப் போகிற ஐந்து வீட்டுக்காரர்களின் சாவிகள் என் வீட்டு ஆணியில் தொங்கின.

"வீட்லதான இருக்கிய, தண்ணி வந்தா பிடிச்சு வச்சிருங்க."

யாரைக் கேட்டு என் நேரத்தைப் பங்கு போட்டார்கள்? ஆறாவது சாவியோடு ஒருத்தி வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் என்ன சும்மாவா இருக்கேன்?" என்று கத்தினேன்.

தெருவில் வந்துகொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா இடுப்புக் குடத்தை இறக்கி வைத்தார். "ஏட்டி, நீ ஆபீஸ் போன பதினோரு வருசமும் தண்ணி பிடிக்க ஒன் வீட்டுச் சாவி எங்கிட்டதான கெடந்துச்சு. நான் மட்டும் சும்மாவா இருந்தேன்?"

அத்தனை வருடமும் சாயங்காலம் சாவியை வாங்கும்போது அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தண்ணி வந்துச்சா?"