ரெஜினா அக்கா விற்ற தலையணைகள்

வில்லியனூரிலிருந்து ஞாயிறு காலையில் போன் வந்தது. "ரெஜினா அக்கா போயிட்டாங்க. பூசைக்குக் கிளம்பிக்கினு இருந்தாங்க, மாரடைப்பு," என்றாள் எங்களோடு தைக்கும் செல்வி. நம்பாமல் அக்காவின் எண்ணுக்கே அடித்தேன். அவர் மகள் எடுத்து அழுதாள்.

பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துணியை மூட்டையாக வாங்கி, அதைத் திணித்துத் தலையணை தைத்து ஊர் ஊராக விற்றவர் அக்கா. அவரிடம் வாங்கிய உங்களில் பலருக்கு அந்த ஸ்கூட்டரும் பின்னால் ஆடும் தலையணைக் கட்டும் இன்னும் கண்ணில் நிற்கும்.

செலியமேட்டில் எங்கள் தெருவுக்கு முதலில் வந்தபோது எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. உறை புத்தம் புதுசு, விலை கம்மி, பேச்சோ தேன்.

"உள்ள இன்னா இருக்குது?" என்றேன்.

"புதுத்துணிம்மா. கட்டிங் வேஸ்ட்டு."

"யாரு கண்டா? செத்தவங்க துணியாக்கூட இருக்கும்."

தெருவே சிரித்தது. ஆனாலும் எடுத்தவர்கள் தலையணையைக் கீழே வைத்துவிட்டார்கள். அக்கா கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார். "நீயே பிரி."

காட்டுவதற்கென்றே நல்லதை மேலே வைத்திருப்பாரோ என்று, கட்டின் அடியில் கிடந்ததை உருவிப் பிரித்தேன். வண்ண வண்ணத் துண்டுகள் கொட்டின. நடுவே ஒரு வெள்ளைக் கிழிசல். அதில் ஏதோ ஆஸ்பத்திரியின் முத்திரை, பக்கத்தில் காய்ந்த பழுப்புக் கறை.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "மூட்ட அனுப்புறவன் கலந்துட்டான். நான் பிரிச்சிப் பாக்கல. என் தப்புதான்."

மறுநாளே விற்ற வீடுகளுக்கெல்லாம் போய்க் காரணத்தைச் சொல்லித் திரும்ப வாங்கக் கிளம்பினார். வாங்கியதை வேறு ஊரில் தள்ளிவிடுவாரோ என்று நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். மணப்பட்டில் ஒரு பெண், "எம் பச்சப்புள்ள இதுலதான்டி படுத்துக்கினு இருந்துச்சு!" என்று கத்தினார். அக்கா தலைகுனிந்து நின்று முழுவதும் கேட்டார். எல்லாவற்றையும் கொளுத்தி முடித்த பிறகுதான் நான் வீட்டுக்குப் போனேன்.

"எங்கூட வேலைக்கு வந்துடும்மா," என்றார் பிறகு. "நான் எல்லாரையும் நம்பிடறேன்."

அதன்பின் மூட்டை பிரிப்பது என் வேலையானது. தலையணையின் ஒரு மூலையைத் தைக்காமல் விடச் சொன்னது அக்காதான். "எங்க பேச்ச நம்பாதீங்க. கை வுட்டுப் பாருங்க," என்றே விற்பார். பார்த்த பிறகு அவர்கள் எதிரிலேயே தைத்துக் கொடுப்பார்.

சந்தேகப்படுகிறவர் எதிரில் கோபப்படாமல் நிற்பதை அக்காவிடமிருந்து எடுத்துவைத்திருக்கிறேன். அடக்கம் முடிந்த வாரம் பாகூரில் விற்கப் போனபோது ஒரு பெண் தலையணைக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவினார். என் முகத்தைப் பார்த்தார், நம்பவில்லை. இன்னொரு தலையணையைக் கேட்டார். கொடுத்துவிட்டு, நூல் கோத்த ஊசியோடு காத்து நின்றேன்.