பால் பொங்கும் வரை

அனந்தலக்ஷ்மியைக் கண்டால் எனக்கு ஆகாது. கல்கத்தா காளிகாட்டில் எங்கள் சந்தில் எதிரெதிர் மாடி, முப்பது வருஷப் பழக்கம். ரயில்வே ஆபீஸில் இருந்த புருஷனை நாற்பது வயதில் பறிகொடுத்தாள். தையல் மெஷினை மிதித்தே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினாள். அதற்கெல்லாம் நான் பொறாமைப்பட்டதில்லை. அறுபத்தெட்டு வயதில் அவள் நடந்த நடைக்குத்தான் பொறாமைப்பட்டேன். அவளைவிட இரண்டு வயது சின்னவளான நான் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன்.

எழுபத்து நாலாம் வருஷம், ஐப்பசி. பெஹாலாவில் இருக்கும் என் பெண் வசந்தி கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். பிரசவத்துக்கு முன்னால் கோயிலில் பதினோரு சுற்று அடிப் பிரதட்சிணம் செய்வதாக வேண்டிக்கொண்டேன். குதிகால் பெருவிரலைத் தொட அடிமேல் அடி வைத்துச் சுற்ற வேண்டும். மூன்றாவது சுற்றிலேயே தள்ளாடினேன். பின்னால் வந்த அனந்தலக்ஷ்மி என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள், அத்தனை பேர் முன்னாலும். பிறகு அவள் பாட்டுக்கு நூல் பிடித்தாற்போல் சுற்றினாள். எனக்கு வயிறு எரிந்தது.

இவளுக்கு மட்டும் எப்படி? மறுநாள் காலை என் சமையலறையிலிருந்து வேவு பார்த்தேன். எதிரே அவளுடையது தரைவரை இறங்கும் பழைய ஜன்னல். ஒரு கதவு மூடியே இருக்கும். திறந்த பாதியில் பார்த்தால், பாலை அடுப்பில் வைத்துவிட்டு இடது காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். பால் பொங்கும் வரை இறக்கவில்லை. இவ்வளவுதானா என்று நானும் பாலை வைத்தேன். இடுப்பில் கை வைத்துக் காலைத் தூக்கினேன். பத்து எண்ணுவதற்குள் விழுந்தேன். கணுக்கால் வீங்கிவிட்டது.

சத்தம் கேட்டு ஓடி வந்தவளும் அவள்தான்.

"எதையாவது பிடிச்சுண்டு நிக்கப்படாதோ, மாமி?"

"நீங்க பிடிச்சுண்டா நிக்கறேள்?"

"பின்னே? டிராம்லேர்ந்து இறங்கறச்சே விழுந்தேனே, அதுலேர்ந்து அடுப்பு மேடையைப் பிடிச்சுண்டுதான். பார்வையை ஒரே எடத்துல வெச்சுக்கணும். அலைய விடப்படாது."

மூடின கதவுக்குப் பின்னால் ஒரு கை இருந்திருக்கிறது!

என் பாதத்தை மடியில் வைத்துப் பார்த்தாள். விரல் இடுக்கில் சேற்றுப்புண், பெருவிரல் நகம் சதைக்குள் வளைந்திருந்தது. "இந்த வலியோட காலை எப்படி ஊனுவேள்?" என்று திட்டினாள். வங்காளி வீடுகளுக்கு நகம் வெட்டிக் குதிகால் தேய்த்துவிட வரும் நாப்தேனியை அனுப்பினாள். குளித்ததும் விரல் இடுக்கை ஈரம் போகத் துடைக்கணும், குதிகாலுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் என்று உத்தரவு வேறு. உள்ளுக்குள் கறுவிக்கொண்டே எல்லாம் செய்தேன்.

கணுக்காலில் போட்ட கட்டைப் பிரிப்பதற்குள் வசந்திக்கு வலி எடுத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அனந்தலக்ஷ்மி கோயிலுக்குப் போய்ப் பதினோரு சுற்றும் எனக்காக நடந்துவிட்டு வந்தாள்.

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வசந்தி குழந்தையை முதலில் அனந்தலக்ஷ்மியின் மடியில்தான் போட்டாள். "நடந்தது அவாதானேம்மா" என்றாள். நான் பெற்ற பெண்!

நேர்ந்துகொண்டவள் நான். என் காலாலேயே நடந்தாக வேண்டும், குழந்தை நடக்கத் தொடங்குவதற்குள். தினமும் பாலை வைத்துவிட்டு, மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்குகிறேன். எதிரே அவளும் நிற்கிறாள். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் அவளையேதான் பார்க்கிறேன். பார்வையை எடுத்தால் சாய்ந்துவிடுகிறேன்.