முந்நூற்று எண்பத்தொன்பது

டொராண்டோவுக்கு வடக்கே, மார்க்கம் நகரத்து வீட்டில் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் ஓர் எண்ணும் கருவி கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் இரும்பு உருண்டை. மேலே உள்ள குமிழைக் கட்டைவிரலால் அழுத்தினால் ‘டிக்’ என்று ஓர் எண் கூடும். பக்கத்துத் திருகைத் திருப்பினால் எல்லாம் சுழியத்துக்குப் போய்விடும். கூட்டத் தெரிந்த அந்தக் கருவிக்கு ஒன்றைக் குறைக்கத் தெரியாது. அதில் இப்போது 389 என்று நிற்கிறது. அது பிழையான எண். சரியான எண் 388. இந்த ஒன்று பல ஆண்டுகளாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

எண்ணுவது எனக்குத் தொழிலாவதற்கு முன்பே வியாதியாக இருந்தது. மட்டக்களப்பில் அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தேன். அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகிய மறுநாளே பாஸ்கட்போல் பழகுவார்கள். எனக்குப் பந்து பிடிபடவில்லை. அதனால் பாதிரியார் புள்ளிப் புத்தகத்தை என் கையில் தந்தார். பின்னர் டொராண்டோ வந்து, ஸ்காபரோவில் கார் உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் இருப்பு எண்ணும் வேலைக்குச் சேர்ந்தேன். கருவி அங்கே தந்தது.

அக்காவின் கணவரான அத்தான், எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தார். ஊரில் அவர் பி.ரி. மாஸ்டர். இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் பாஸ்கட்போல் பழக்கியவர். கனடா அவருக்குத் தந்த வேலை, மிசிசாகாவில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவுவது. முதல் பனிக்காலம் முழுவதும் அவர் வீட்டில் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். விசில் மட்டும் கோட்டுப் பைக்குள் இருந்தது. பேருந்துக்குக் காத்து நிற்கும்போது அதைத் தடவிக்கொள்வார்.

அந்த நேரத்தில்தான் நகரத்தில் பாஸ்கட்போல் அணி ஒன்று முளைத்தது. பெரிய லீக் அல்ல. அதற்கும் கீழே, சம்பளம் ஒழுங்காக வருமா என்று ஆட்டக்காரரே சந்தேகப்பட்ட சிறு லீக். அணியின் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஐஸ் ஹாக்கி ஆடும் பழைய அரங்கில், பனிக்கட்டியின் மேல் பலகை பரப்பி ஆடினார்கள். பலகைக்குக் கீழிருந்து குளிர் ஏறி முழங்காலைப் பிடிக்கும். பொரித்த சோளம் ஈரமாக இருக்கும். ஆட்டக்காரர்கள் பத்து நாளைக்கு ஒருமுறை மாறுவார்கள். ஒருவனுடைய பெயரை அத்தான் மனப்பாடமாக்கும்போது அவன் வேறு ஊரில் இருப்பான். ஞாயிறு பிற்பகல்களில் மட்டும் அத்தானுக்கு வேலை இல்லை. இரண்டு பருவங்களில் முப்பத்தொரு ஞாயிறு போனோம். ஒன்பதில் வென்றார்கள். அந்த ஒன்பதிலும் நான்கு, எதிரணி இன்னும் கேவலமாக ஆடியதால் கிடைத்தவை.

எனக்குப் பொறுக்க முடியாதது ஃப்ரீ த்ரோ, எதிராளி தவறு செய்தால் கிடைக்கும் தனி எறி. ஒருவரும் மறிக்கமாட்டார்கள். கோட்டில் நின்று, மூச்சை விட்டு, வளையத்தைப் பார்த்து எறிய வேண்டியதுதான். பதின்மூன்று வயதுப் பிள்ளை பத்தில் ஆறு போடாவிட்டால் எங்கள் பாதிரியார் வீட்டுக்குப் போக விடமாட்டார். இவர்களோ சூயிங்கம் சப்பிக்கொண்டு வந்து நின்று, பந்தை வளையத்தின் முன் விளிம்பில் மோதிவிட்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு திரும்பி ஓடுவார்கள். ஒருநாள் இருபத்து மூன்றில் பதினான்கைத் தவறவிட்டார்கள். அத்தான் எழுந்து நின்று, தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவார்.

“டேய் அறுவானே! முழங்கால மடிடா! உன்ன ஆர்ரா மறிக்கான்?”

முன் வரிசை வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்துக் கைதட்டுவார்கள். அவர் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அதுவும்தான். இத்தனை கேவலத்துக்குப் பிறகும் அவருக்கு அந்த அணியில் நம்பிக்கை இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. அணியின் மேலாளர் ஒருவர் அத்தானோடு இரண்டு மூன்று தடவை பேசியிருந்தார். அடுத்த பருவத்தில் நகரப் பிள்ளைகளுக்கு அணி பயிற்சி வகுப்பு நடத்தும், அதில் அத்தானுக்கு இடம் உண்டு என்று சொல்லியிருந்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை. தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான். அத்தான் அந்தத் தட்டை நம்பித்தான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த பருவம் இருக்குமா என்பதை ஒவ்வொரு ஞாயிறும் என் கருவி சொல்லிற்று. ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் அறிவிப்பாளன் ஒலிபெருக்கியில், “இன்றைய பார்வையாளர் இரண்டாயிரத்து அறுபது” என்பான். நான் பிரிவு பிரிவாக அழுத்தி முடித்திருப்பேன். ஐந்நூற்றைத் தாண்டியதே இல்லை. அந்தப் பொய்யை அவன் சொல்லும் உற்சாகம்தான் எனக்குத் தோல்வியைவிட அருவருப்பாக இருந்தது.

“நீ கக்கூசுக்குப் போன சனத்த விட்டுட்டாய் மச்சான்,” என்பார் அத்தான்.

“ஆயிரத்தைந்நூறு பேரும் ஒண்டா கக்கூசுக்குப் போயிட்டாங்களா அத்தான்?”

“சாப்பாட்டு லைன்லயும் நிக்காங்கள்தானே. நீ எண்ணுகா, திரும்ப எண்ணு.”

திரும்ப எண்ணுவேன். இரண்டு குறையும்.

ஒருநாள் அக்கா என்னைச் சமையலறையில் மறித்தார். “உன்ட எண்ணிக்கைய உன்னோட வெச்சிரு. அந்த மனிசன் இதொண்டப் பிடிச்சித்தான் நிக்கார். அதையும் நீ எண்ணி எடுத்துப்போடாத.” எனக்குக் கோபம் வந்தது. எண் என்ன செய்யும்? ஆனால் அதற்குப் பிறகு கருவியைக் கோட்டுப் பைக்குள் வைத்தே அழுத்தப் பழகினேன்.

எண்பத்தாறாம் ஆண்டு இளவேனில், பருவத்தின் கடைசி ஆட்டம். சனம் வந்தால் அணி இங்கேயே நிற்கும், வராவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும் என்று பேச்சு அடிபட்டது. அத்தான் டோர்செட் பார்க் அடுக்குமாடிகளில் கதவு கதவாகத் தட்டி எங்கள் சனம் இருபத்தாறு பேரைக் கூட்டி வந்தார். பலர் கனடா வந்து ஆறு மாதமும் ஆகாதவர்கள். ஒரு பெண் கட்லட் பொரித்துக் கொண்டுவந்திருந்தார். பந்து எந்த வளையத்தில் விழுந்தாலும் பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரும்பாலும் எதிரணிக்குத்தான் தட்ட வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் அத்தானைக் கேட்டார்.

“அண்ணை, உதில எங்கட ஆக்கள் ஆர்?”

“பச்சைச் சட்டை.”

“பச்சை தோக்குதெல்லோ?”

“ஓம். அதுதான் எங்கட.”

கடைசி அரை நிமிடத்தில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். நம்முடைய நெட்டையனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. முதலாவது முன் விளிம்பு. இரண்டாவது வளையத்தையே தொடவில்லை. அத்தான் அன்று கத்தவில்லை. உட்கார்ந்தபடியே தன் முழங்காலை மெல்ல மடித்து நிமிர்த்தினார், அவனுக்காகத் தான் எறிவதைப்போல.

திரும்பும்போது நான் கார் ஓட்டினேன். வெயில் இன்னும் இருந்தது. அத்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். டோர்செட் பார்க் சமூக நிலையத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கும் வேலை, வாரம் நான்கு பிற்பகல், நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அணியின் வகுப்பையும் இதையும் சேர்த்துச் செய்ய நேரம் போதாது, அணி இங்கேயே நின்றால் இது வேண்டாம் என்றார். பிறகு, இரண்டு பருவத்தில் முதல் தடவையாக, என் எண்ணிக்கையைத் தானாகவே கேட்டார்.

“மச்சான், மெய்யா சொல்லு. இண்டைக்கு எத்தின?”

கருவி என் கோட்டுப் பைக்குள் இருந்தது. 388. ஒலிபெருக்கி சொன்னது இரண்டாயிரத்து நூற்று நாற்பது. எனக்கு அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த முழங்காலும் நினைவுக்கு வந்தது.

“ஸ்பீக்கர்ல சொன்னது கிட்டத்தட்டச் சரி அத்தான்,” என்றேன்.

“நான் சொன்னனான்தானே,” என்று அவர் கடிதத்தை மடித்தார். மறுநாள் சமூக நிலையத்துக்குத் தொலைபேசியில் நன்றி சொல்லி மறுத்துவிட்டார்.

இலையுதிர்காலத்தில் விசிலை மினுக்கிக்கொண்டு அரங்குக்குப் போனோம். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அணி வேறு நகரத்துக்குப் போய்விட்டதாம். ஆறு வரி. அதில் மூன்று, வாங்கிய டிக்கெட் பற்றியது. தோளில் தட்டிய மேலாளர் ஒரு தபாலட்டைகூடப் போடவில்லை. அத்தான் தாளை ஒருமுறை வாசித்தார். அங்கிருந்து நேரே சமூக நிலையத்துக்குப் போனோம். அங்கே வேறொருவர் கழுத்தில் விசில் தொங்கியது. அத்தான் ஓய்வுபெறும்வரை தட்டுக் கழுவினார். அன்றைய எண்ணிக்கை பற்றி அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. 388 நின்ற கருவியைக் கோட்டுப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, களஞ்சியத்தில் வேறு கருவி வாங்கிக்கொண்டேன்.

எண்பத்தொன்பதில் நான் மார்க்கத்துக்கு வீடு மாறியபோது, பெட்டி கட்ட அத்தான் வந்தார். என் பழைய கோட்டை மடிக்கும்போது பைக்குள் ஏதோ கனத்தது. எடுத்துப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“இது அண்டைக்கு எண்ணினதா?”

“ஓம் அத்தான்.”

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கருவியை உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

“ஸ்பீக்கர்காரன் கூட்டினான். மறுகா நீயும் கூட்டினாய். இந்தா, நானும் ஒண்டு கூட்டி விடுறன்.”

கட்டைவிரலால் ஒருதடவை அழுத்தினார். டிக். கருவியைக் கோட்டுக்குள்ளேயே வைத்து மடித்து, பெட்டியை மூடி, நாடா ஒட்டினார்.

இப்போது இந்த நகரத்தில் பெரிய லீக் அணி இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதன் சட்டையைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் குதிக்கிறார்கள். இன்றும் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஒருவன் ஃப்ரீ த்ரோவை முன் விளிம்பில் மோதினால், நான் எழுந்து அறைக்குப் போய்விடுகிறேன். கத்த அத்தான் இல்லை. இழுப்பறையைத் திறந்து பார்ப்பேன். திருகைத் திருப்பி, முந்நூற்று எண்பத்தெட்டுத் தடவை அழுத்தினால் எண் சரியாகிவிடும். பத்து நிமிட வேலை. பலமுறை திருகில் விரலை வைத்திருக்கிறேன். அவர் கூட்டிய ஒன்றும் அதோடு போய்விடும் என்பதால், 389 என்ற பிழையை அப்படியே விட்டு மூடிவிடுகிறேன்.