சருவத்துக்குள் இருந்தது நான்

அக்கா, நீ களவெடுத்தாய்.

என்னிடம் இருந்த ஒன்றே ஒன்றை, ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் நிறைந்த சனத்துக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போனாய். சனம் கை தட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு அக்கா யார் என்று தெரியாது. அவள் என் பெரியம்மாவின் மகள். என்னைவிட ஒரு வயது கூட. தாயின் சகோதரி பெற்ற பிள்ளை எங்கள் ஊரில் கூடப்பிறந்த பிள்ளைதான், வேறு கணக்குக் கிடையாது. வீடும் வளவும் பெண் வழியாக வருவதால் அம்மா, பெரியம்மா, சின்னம்மா மூன்று பேரும் ஒரே வளவுக்குள் மூன்று சின்ன வீடுகளில் இருந்தார்கள். சமைக்கிற குசினி ஒன்று. ஆண்கள் இல்லை. ஏன் இல்லை என்று வாவிக்கு மேற்கே, சண்டை பார்த்த இந்தப் படுவான்கரையில், யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அக்கா படித்தாள். வாவியைக் கடந்து மட்டக்களப்புக்குப் போனாள். அங்கே ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருக்கிறாள். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, இப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தின் பரிசளிப்பு விழாவுக்கு அவள்தான் பிரதம விருந்தினர். நான் மண்டபத்துக்குப் பின்னால், விருந்தினர்களுக்கான கோழிக்கறியைக் கிண்டிக்கொண்டு நின்றேன். அவளுடைய பேச்சை ஒலிபெருக்கியில் கேட்டேன்.

தன்னை வளர்த்த மூன்று பெண்களுக்கு நன்றி என்று தொடங்கினாள். நன்றி என்ற சொல்லை எங்கள் வளவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிடுவோம். அவ்வளவுதான்.

அவள் என் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். வட்டையில் நெல் வெட்டப் போனால் சூரியன் விழுந்த பிறகுதான் வருவார் என்றாள். சரி. ஆனால் வந்ததும் குனிந்தபடியே நின்று கால் கழுவுவார், நிமிர முடியாது, நான்தான் முதுகில் முழங்கையை வைத்து அமர்த்தி நிமிர்த்துவேன். அது அவளுக்கு எப்படித் தெரியும்? பெரியம்மாவைப் பற்றிச் சொன்னாள். வயல்காரப் போடியார் வீட்டில் நெல் அவித்து அவித்து, அடுப்பு வெக்கையில் அவருடைய புருவ மயிர் கருகிப்போனது என்றாள். அதுவும் சரி. அது அவளுடைய தாய், அவள் சொல்லட்டும். நான் கறிக்கு உப்புப் பார்த்தேன்.

பிறகு சின்னம்மாவுக்கு வந்தாள்.

சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அதனால் நாங்கள் இருவரும் அவருக்காகப் போட்டி போட்டோம். அவர் வாவியில் கையால் தடவி இறால் பிடிப்பார். கழுத்து மட்டத் தண்ணீரில் முழங்காலால் நடந்து, இரண்டு கையையும் சேற்றில் பரப்பி, விரலில் பட்டதை அமுக்கித் திரும்பிப் பாராமல் பின்னால் எறிவார். பின்னால் ஒரு சருவம் மிதந்து வரும். வாயகன்ற அலுமினியப் பாத்திரம். அதில் கட்டிய கயிற்றின் மறு நுனி சின்னம்மாவின் இடுப்பில் இருக்கும். மற்றப் பெண்கள் சின்னப் பாத்திரம் கொண்டு போவார்கள். சின்னம்மாவின் சருவத்தில் ஒரு பிள்ளை காலை மடக்கிப் படுத்து உறங்கலாம். அவ்வளவு இறாலும் ஒரு நாளும் கிடைத்ததில்லை. அவருக்கு ஆசை பெரிது.

அக்கா ஒலிவாங்கியில் சொன்னாள். மாரி வெள்ளத்தில் பள்ளிக்கூடத்து ரோட்டைத் தண்ணீர் மூடிவிட்டதாம். அன்று ஆண்டிறுதிச் சோதனையாம். சின்னம்மா அந்தச் சருவத்துக்குள் அவளை இருத்தி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, வெள்ளத்துக்குள்ளால் இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கினாராம். அந்தச் சருவம் இல்லாவிட்டால் தான் இந்த மேடையில் இல்லையாம்.

அகப்பை என் கையிலிருந்து விழுந்தது. கூடச் சமைத்த பெண் என்ன என்று கேட்டாள். கை சுட்டுவிட்டது என்றேன்.

சருவத்துக்குள் இருந்தது நான்.

மூன்றாம் வகுப்பு. நான் எலும்பும் தோலுமான பிள்ளை. எங்கள் வளவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ரோடு பள்ளமாகப் போகும். வாவி ஏறினால் முதலில் மூடுவது அந்த இடம்தான். அன்று காலை தண்ணீர் பெரியவர்களின் நெஞ்சளவு நின்றது. பெரியம்மா போடியார் வீட்டு உழவு மெசினைக் கேட்டு வைத்திருந்தார். மெசின் வரவில்லை. சின்னம்மாவுக்குக் காத்திருக்கத் தெரியாது. சின்னவள் முதலில், பெரியவள் அடுத்த நடை என்று சொல்லி, என்னைத் தூக்கிச் சருவத்துக்குள் வைத்தார். முதல் நாள் இறால் தண்ணீர் அடியில் கொஞ்சம் கிடந்தது. வெள்ளைச் சட்டையை மடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். அக்கா கரையில் நின்று அழுதாள். சின்னம்மா திரும்பிப் பார்க்கவில்லை. இறாலைத் தேடுவதுபோலக் காலால் ரோட்டின் விளிம்பைத் தடவித் தடவிப் போனார். தார் முடிந்து மண் தொடங்கும் இடம் அவருடைய உள்ளங்காலுக்குத் தெரிந்தது. வழி முழுக்க வாய்பாடு சொல்லச் சொன்னார். ஏழாம் வாய்பாட்டில் நான் பிழை விட்டபோது கயிற்றைச் சுண்டினார். சருவம் ஆடியது. அவருக்கு ஏழாம் வாய்பாடு தெரியாது. நான் நிறுத்திய இடத்தை வைத்துப் பிழை என்று கண்டுபிடித்தார்.

பாதி வழியில் பின்னால் மெசின் சத்தம். போடியார் வீட்டு மெசின்தான். அது இழுத்த பெட்டியில் அக்கா நின்றாள், உலர்ந்த சட்டையோடு. எங்களைக் கடந்து போனாள். மெசின் தள்ளிய அலை சருவத்துக்குள் ஏறியது. இறால் தண்ணீரும் வெள்ளமும் சேர்ந்து என்னைக் கழுத்து வரை நனைத்தது. சின்னம்மா சாரதியின் தாயில் தொடங்கிப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அக்கா கை காட்டினாள். இன்றைக்கும் அந்தக் கை என் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்படித்தான் நடந்தது. அவளுக்கு உழவு மெசின். எனக்குச் சருவம். சின்ன வயது முழுக்க எனக்கு எல்லாமே அப்படித்தான். சின்னம்மா முதலில் அவளுக்குத்தான் சீப்பால் தலை இழுப்பார், அவளுடைய மயிர் நீளம் என்று. மீன் தலை அவளுக்கு, படிக்கிற பிள்ளை என்று. எனக்குப் பொறாமை. அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மறைக்க நான் மேடையில் நிற்கவில்லையே. அம்மா போன பிறகும், பெரியம்மா போன பிறகும், சின்னம்மா என்னோடுதான் இருக்கிறார். குளிக்க வார்ப்பது நான், நகம் வெட்டுவது நான். அக்கா மாதத்தில் ஒரு ஞாயிறு வாழைப்பழச் சீப்போடு வருவாள். வந்தால் சின்னம்மா என்னைத் தேத்தண்ணி போடச் சொல்லிவிட்டு அவளோடு கதைத்துக்கொண்டிருப்பார். எதற்காகவும் நான் சண்டை பிடிக்கவில்லை. அந்த ஒரு காலைப்பொழுது என்னுடையது என்ற எண்ணத்தில்தான் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தேன். மூன்று பெண்களும் நாயாகப் பாடுபட்டு இரண்டு பேரையும் வளர்த்தார்கள். அந்தப் பாடுகளுக்குள் ஒரு காலைப்பொழுது மட்டும் யாரோடும் பங்கு போடாமல் எனக்கென்று நடந்தது.

விழா முடிய அக்கா, முன்வரிசையில் இருந்த சின்னம்மாவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினாள். எல்லோரும் படம் எடுத்தார்கள். சின்னம்மா சிரித்துக்கொண்டு நின்றார். நான் விருந்தினர்களுக்குச் சோறு பரிமாறினேன். அக்காவின் தட்டில் கழுத்துத் துண்டாகப் பார்த்துப் போட்டேன்.

மறுநாள் காலை வெயிலில் சின்னம்மாவை இருத்தி நகம் வெட்டினேன். அவருடைய இடது பெருவிரலில் நகம் இல்லை. சேற்றுக்குள் கிடந்த கெளுத்தியின் முள் ஏறி, புழுத்து, விழுந்த நகம். பிறகு முளைக்கவே இல்லை. மற்ற விரல்கள் முழுக்க இறால் குத்திய தழும்பு. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"சின்னம்மா, சருவத்துக்குள்ள இருந்தது ஆரு?"

"நீதான். அவள் மிசினில வந்தாள்."

அவருக்கு மறதி என்று நான் எண்ணியிருந்தேன். மறதியாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மறுகா ஏன் பேசாம இருந்தீங்க? அவள் பொய் சொல்றாள் எண்டு தெரிஞ்சும் சிரிச்சிக்கிட்டு நிண்டீங்களே."

"ஒருத்தியாவது சொல்றாளே எண்டு இருந்தன்." நகவெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ இவ்வளவு காலமாச் சொல்லல்லயேகா."

அவர் நிறுத்தவில்லை.

"அண்டைக்குப் பள்ளிக்கூடக் கேற்றடியில நீ சொன்னது எனக்குக் கேட்டதுதான் புள்ள. இறால் விக்கிற பொம்புள எண்டாய். நான் இறால் வித்த பொம்புளதானே. அதில என்ன பொய் இரிக்கி?"

அடுத்த விரலை நீட்டினார்.

எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். முடியாது. அன்று பள்ளிக்கூட வாசலில் சருவத்திலிருந்து இறங்கியபோது என் சட்டையில் இறால் நாற்றம். என் வகுப்புப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். ஆருகா அது, ஒங்கட அம்மாவா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை, எங்கள் வீட்டுக்கு இறால் விற்க வருகிற பொம்பிளை என்றேன். சின்னம்மா என்னிடமிருந்து இரண்டு முழத் தூரத்தில் ஈரச் சேலையோடு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றார். சருவத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினார். திரும்ப வெள்ளத்துக்குள் இறங்கிப் போனார். பின்னேரம் வழமைபோலத்தான் இருந்தார். இறால் சொதி வைத்தார். எனக்கு இரண்டு தரம் வார்த்தார். அவருக்குக் கேட்கவில்லை என்று முடிவு கட்டினேன். அந்த முடிவில்தான் முப்பது வருசம் சோறு தின்றேன்.

அன்றைக்கே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சருவத்துக்குள் இருந்தது நான், நீ மெசினில் வந்தவள், ஊருக்கு முன்னால் பொய் சொன்னாய் என்றேன். அவள் மறுப்பாள், பேச்சுக்காகச் சொன்னது என்று மழுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். படித்தவள்தானே.

"ஓம், எடுத்தன்," என்றாள். "நீ கேற்றடியில எறிஞ்சிட்டுப் போனாய். நானும் அதில நிண்டன், எனக்கும் கேட்டது. எறிஞ்சத எடுத்தாக் களவாகா?"

பிறகு அவளுடைய சத்தம் மாறியது. கரையில் நின்றபோது அடுத்த நடை தன்னுடையது என்று எண்ணி நின்றதாகச் சொன்னாள். மெசின் வந்ததும் பெரியம்மா பிடித்து ஏற்றிவிட்டாராம். ஏற மாட்டேன் என்று கத்தினாளாம். கை காட்டியது எனக்கு இல்லையாம், சின்னம்மாவுக்காம். தன்னையும் இறக்கிச் சருவத்தில் ஏற்றச் சொல்லித்தானாம். "ஒரு நாளும் நான் அதில ஏறல்ல," என்றாள்.

இதைக் கேட்டு என் மனம் இளகியது என்று எழுதினால் அது பொய். எனக்குச் சந்தோசமாக இருந்தது. மீன் தலையும் நீள மயிரும் உப அதிபர் கதிரையும் இருக்கிற ஒருத்தி, என் நாற்றம் பிடித்த சருவத்துக்காக இவ்வளவு காலம் எரிந்திருக்கிறாள். தொலைபேசியை வைத்துவிட்டு நான் சிரித்தேன். பிறகு, நீ எறிஞ்சிட்டுப் போனாய் என்று அவள் சொன்னது நினைவு வந்தது. சிரிப்பு நின்றது.

நான் எறிந்தது உண்மை. அந்த எட்டு வயதுப் பிள்ளையை நான் காப்பாற்றப் பேசவில்லை. ஆனால் எறிந்தது என் வாய். சருவத்துக்குள் நனைந்தது என் உடம்பு. ஏழாம் வாய்பாட்டுக்குக் கயிறு சுண்டப்பட்டது எனக்கு. ஒருத்தி தன் பொருளை வெட்கத்தில் ஒளித்தால் அது பக்கத்து வீட்டுக்காரியின் பொருளாகிவிடுமா? சின்னம்மாவுக்கு நன்றி சொல்ல உனக்குக் காரணம் இல்லையா, அக்கா? உன் தலையை இழுத்த கை அது. உனக்கு மீன் தலை வைத்த கை. அதைச் சொல்லியிருந்தால் நான் பின்னால் நின்று வயிறெரிந்திருப்பேன். ஆனாலும் வாய் திறந்திருக்க மாட்டேன்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறக்கும். அம்மனைக் குளிர வைக்கிற குளிர்த்திச் சடங்கு அன்று ஊர் முழுக்க முற்றத்தில் நிற்கும், வெளியூர் போனவர்களும் வருவார்கள். நீயும் வராமல் விட மாட்டாய். கோயிலைப் பார்க்கிற வண்ணக்கரிடம் கேட்டுவிட்டேன். ஒலிவாங்கியைக் கொஞ்ச நேரம் தருவாராம். தொலைந்த சாவிக்கும் காணாமல் போன மாட்டுக்கும் அறிவித்தல் சொல்லுகிற ஒலிவாங்கிதானே, நமக்கும் தரலாம்.

சின்னம்மாவை முன்னால் கதிரையில் இருத்துவேன். முதலில் நான் பேசுவேன். பள்ளிக்கூட வாசலில் அவரை யார் என்று சொன்னேனோ, அந்தச் சொல்லை அப்படியே சொல்லி, அது என் சின்னம்மா, என்னை வளர்த்தவர், நான் பொய் சொன்னேன் என்று அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்வேன். எனக்கு மேடைப் பேச்சு வராது. அழுதாலும் அழுவேன். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

பிறகு ஒலிவாங்கியை உன் கையில் தருவேன். உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான், தொலைபேசியில் எனக்குச் சொன்ன பதில் போதாது. அம்மனுக்கும் சின்னம்மாவுக்கும் ஊருக்கும் கேட்கச் சொல்லு: சருவம் வெள்ளத்துக்குள் இறங்கியபோது நீ எங்கே நின்றாய்?