சாகாத மீன்கள்

ஊரப்பாக்கத்து வீட்டுக் கூடத்தில் மீன்தொட்டி வைத்தது முழுக்க என் ஆசைக்குத்தான். என் மனைவி கோவளத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். அவளுக்கு மீன் என்றால் குழம்பு, வறுவல், கருவாடு. கண்ணாடிக்குள் விட்டு வேடிக்கை பார்ப்பது பைத்தியக்காரத்தனம். அவள் அண்ணன் முதல்முறை வந்து பார்த்தபோது, இது அத்தனையும் சேர்ந்தாலும் ஒரு கரண்டி தேறாது என்று சிரித்துவிட்டுப் போனார்.

நான் வளர்த்தது நியான் டெட்ரா. விரல் நீளம்கூட இருக்காது. உடம்பில் ஒரு நீலக்கோடு, அதன் கீழே சிவப்பு. எதையும் கடிக்காது, யார் வம்புக்கும் போகாது. ஆனால் கூட்டமாகத்தான் வாழும். கூட்டம் குறைந்தால் மிரண்டுபோய்ச் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், தீனியும் எடுக்காது. செங்கல்பட்டுப் பள்ளியில் பிள்ளைகளோடு கணக்குக்காக மல்லுக்கட்டிவிட்டு, மின்சார ரயிலில் நின்றபடியே வந்து அதன் முன்னால் உட்கார்ந்தால்தான் என் தலைச்சூடு இறங்கும். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்.

மழைக்காலம் முடிந்ததும் மீன்கள் சாக ஆரம்பித்தன. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் ஒன்றோ இரண்டோ மிதக்கும். கூட்டம் குறையக் கூடாதே என்று புதிதாக வாங்கி விடுவேன். அடுத்த வாரம் அதிலும் ஒன்று போகும். கடைக்காரர் கொடுத்த மருந்தால் தண்ணீர் நீலமானதுதான் மிச்சம்.

இந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு அம்மா என் மனைவியிடம் ஒன்றைச் சொல்லிவைத்தார். வளர்க்கிற மீன் செத்தால் வருத்தப்படக் கூடாதாம். வீட்டு மனிதர்களுக்கு வரவேண்டிய கெட்டதை அது வாங்கிக்கொண்டு போகிறதாம். பல வீடுகளில் சொல்கிற பேச்சுதான், நான் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அவள் பிடித்துக்கொண்டாள். செத்த மீனைக் குப்பையில் போட என்னை விடமாட்டாள். வெற்றிலையில் வைத்து எடுத்துப்போய் முச்சந்தியில் போட்டுவிட்டு, வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவாள். ஞாயிற்றுக்கிழமை கிலோக்கணக்கில் சங்கரா மீனை ஆய்கிற கை, மறுநாள் ஒரு டெட்ராவுக்கு இவ்வளவு மரியாதை செய்கிறதே என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை என்பது பொங்கல் கழிந்துதான் தெரிந்தது. இடது மார்பில் ஒரு கட்டி. எனக்குச் சொல்லாமலே பல நாள் வைத்திருந்திருக்கிறாள். நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்றேன். முடியாது என்றாள். அவள் அம்மா இதே நோயோடு ஆஸ்பத்திரிக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "எனக்கு வரவேண்டியத அதுங்க வாங்கிகினு பூடுதுங்க. வாராவாரம் நீங்களே பாக்குறீங்கல்ல? கட்டிகூட கொறஞ்ச மாரிதான் கீது" என்றாள்.

அவள் அண்ணனை வரவழைத்தேன். அவர் கெஞ்சியும் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். அவள் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை, லாரித் தண்ணீர் இறங்கியதும் குடியிருப்பு வாட்ச்மேன் தரைத்தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டுவதைத் தற்செயலாகப் பார்த்தேன். மழையில் சாக்கடை கலந்ததிலிருந்து வாராவாரம் இப்படித்தானாம். நானோ ஞாயிறுதோறும் அந்தக் குழாய்த் தண்ணீரையே பிடித்து மீன்தொட்டியில் மாற்றிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து தண்ணீரை வாளிகளில் பிடித்து, பவுடர் நெடி போக மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் வைத்துப் பிறகு ஊற்றினேன். சாவு நின்றது. மிஞ்சியிருந்த பன்னிரண்டும் தேறி, சேர்ந்து வளைய வந்தன. அவளிடம் காரணத்தைச் சொல்லவில்லை. மீன் பேச்சை எடுத்தாலே சண்டையில் முடிந்த நாட்கள் அவை.

அவள் முகம்தான் நாளுக்கு நாள் சுருங்கியது. காலையில் எழுந்ததும் தொட்டியருகே போய் நிற்பாள். சோறு இறங்கவில்லை. ஒருநாள் அடுப்படியிலிருந்தே கேட்டாள். "மீன் ஏங்க சாவ மாட்டேங்குது?"

பவுடர் விஷயத்தைச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அப்படியென்றால் அவை எதையுமே எடுத்துக்கொண்டு போகவில்லையா என்று கேட்டாள். அன்று சாயங்காலம், டாக்டரைப் பார்க்கலாம் என்று அவளாகவே சொன்னாள். இத்தனை நாள் நான் கேட்டது அதைத்தான். அவள் வாயால் வந்ததும் எனக்குத்தான் பயமாக இருந்தது.

செங்கல்பட்டில் ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புற்றுநோய்தான். சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. அவளுக்கு முடி கொட்டிவிட்டது. டாக்டர் நம்பிக்கையாகத்தான் பேசுகிறார், நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் திரும்பத் திரும்ப என் நினைவுக்கு வருவது, முடிவு கேட்கப் போன நாளின் காலைப்பொழுது.

அவள் உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்தாள். தீனி போடப் போன நான் மீன்களை எண்ண ஆரம்பித்தேன். பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். ஃபில்டருக்குப் பின்னால், கல் இடுக்கில், செடியடியில் ஒன்றாவது வயிறு மேலாகக் கிடக்கிறதா என்று செல்போன் வெளிச்சத்தில் தேடினேன். அவ்வளவு கேலி செய்தவன் நான். ஒன்றே ஒன்று செத்திருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவை எல்லாம் ஒன்றாகத் திரும்பி, தீனிக்காக மேலே வந்தன.

அவள் வெளியே வந்ததும் சொன்னேன். "ஒண்ணு செத்துப்போச்சு. நானே கொண்டுபோய் முச்சந்தியில போட்டுட்டேன்."

அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள்.

"காலு காஞ்சி கீதுங்க" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நானும் எழுந்ததும் எண்ணிட்டேன். பன்னெண்டும் கீது. வாங்க, ரயிலு பூடும்."