பைலுக்குள் வந்த மச்சான்

கம்ப்யூட்டரில் கெட்டுப்போன கணக்கு பைல்களைச் சரிசெய்வதுதான் தூத்துக்குடி அனுசியாவின் பிழைப்பு. பத்தொன்பது வருடமாக அவள் கத்திக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான்: "ஓடும்போது பிளக்கப் புடுங்காதீங்க!"

உடன்குடி கருப்பட்டிக் கடை செந்தில்வேல் அண்ணாச்சி பிடுங்கியிருந்தார். பைல் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதுபோல் குடும்பமே கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றது.

"பொழச்சிருமா தாயி?"

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. காத்து வரட்டும்."

"பைலுக்கா?"

"எனக்கு!"

இரண்டு மணி நேரத்தில் பைல் திறந்தது. அண்ணாச்சி எப்போதோ அழித்த வாடிக்கையாளர் பெயர்கள்கூடத் திரும்பி வந்திருந்தன. கல்யாணப் பந்தியில் அப்பளத்துக்குச் சண்டைபோட்டுப் பிரிந்த மச்சான், பட்டியலில் முதல் ஆளாக இருந்தான்.

அண்ணாச்சியின் முகம் கறுத்தது. "இவன் எப்படி என் கடைக்குள்ள வந்தான்? பழையபடி கெடுத்துக் குடு. ரெட்டைக் கூலி தாரேன்."

"அந்த ஒரு பேர மட்டும் அழிச்சிருதேன், இருங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அண்ணாச்சி பிளக்கைப் பிடுங்கிவிட்டார். திரை இருண்டது.

"போயிட்டானா?" என்றார் நிம்மதியாக.

அனுசியா பையைத் தோளில் மாட்டினாள்.

"போயிட்டான் அண்ணாச்சி. உங்க கடையையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிட்டான்."