பாடாத சரணம்

என் மகள் பள்ளி விழாவுக்குப் பாட்டுப் பழகும்போது ஒரு வரியை விழுங்கினால்கூட எனக்குப் பதறுகிறது. மறுபடியும் முதலிலிருந்து பாடச் சொல்கிறேன். வீட்டில் இதை வைத்துக் கேலி செய்வார்கள். காரணத்தை நான் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. மலேசியாவில், ஈஜோக் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அம்மாவுக்குப் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை. பம்பை முதுகில் சுமந்து, வெறுங்கையால் அடிப்பார். அந்த வேலை செய்த பெண்களில் பலருக்கு நகம் கறுத்துக் கழன்றிருந்தது. கையுறை கேட்டு எழுதிய கடிதங்கள் ஆபீசுக்குள் போனதோடு சரி. அதனால் அம்மாவின் தம்பி, லோரி ஓட்டும் மாமா, ஒரு பாட்டுக் கட்டினார். பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு மேனேஜர் வருவார். தமிழர்தான், கேட்டால் புரியும். பாடுவதற்கு நான்.

முதல் சரணத்தில் மனிதன் நிலாவுக்குப் போனான். இரண்டாவதில் கடலைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினான். விஷயம் மூன்றாவதில்தான் இருந்தது:

புல்லைக் கொல்ல மருந்து செஞ்சான் – அதைத்
தூக்கும் கையை மறந்துபுட்டான்.

“இந்த எடம் வரும்போது மேனேஜர் மூஞ்சியப் பாத்துப் பாடணும் லா. கூரையில பல்லி தேடாத,” என்றார் மாமா.

விழாவில் முன்வரிசையில் மேனேஜர். அவருக்குப் பின்னால் அம்மாவும் மருந்தடிக்கும் பெண்களும். பரிசு மேசையில் காந்த மூடி வைத்த ஒரு பென்சில் பெட்டி இருந்தது. நான் நிலாவைப் பாடியபோது மேனேஜர் சிரித்தார். கடலுக்குத் தொடையில் தாளம் போட்டார். அந்தச் சிரிப்பு நின்றுவிடக் கூடாது என்று தோன்றியது. பல்லவியை இன்னொரு முறை பாடிவிட்டுக் கும்பிட்டேன்.

பெட்டி எனக்கே கிடைத்தது. பயந்தேனா, பெட்டிக்கு ஆசைப்பட்டேனா, இன்றும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“மறந்துட்டியா?” என்று வாசலில் மாமா கேட்டார்.

“மறந்துட்டேன் மாமா.”

“நிலா வரைக்கும் போவத் தெரிஞ்சிச்சு. நம்ம லயத்து வீட்டுக்கு வர வழி தெரியலயா?”

“விடுடா, பச்சப்புள்ளயப் போயி,” என்றார் அம்மா. “தொண்ட காஞ்சிருக்கும். தண்ணி குடிமா.”

அடுத்த வருடமும் அம்மா வெறுங்கையால்தான் மருந்தடித்தார்.

என் கல்யாணத்துக்குப் பிறகுதான் மாமா சொன்னார். அந்தச் சரணம் வந்ததும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து மேனேஜரைத் திரும்பச் சொல்லிக் கையைத் தூக்கிக் காட்டுவதாகப் பேசி வைத்திருந்தார்களாம்.

பல்லவியைத் திரும்பப் பாடும்போது மேடையிலிருந்து நான் அதைப் பார்த்தேன். மடியில் கிடந்த கைகளெல்லாம் நெஞ்சுவரை எழும்பி, அப்படியே நின்றிருந்தன. கைதட்டத் தயாராகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு, தட்டவும் செய்தார்கள்.